தக்காளி மணியும் என் தையல் மெஷினும்

இரண்டு கையும் வலது கையாகவே உள்ள ரவிக்கையை நீங்கள் யாராவது பார்த்திருக்கிறீர்களா? நான் தைத்திருக்கிறேன். அதுவும் ஒரு கல்யாணப் பெண்ணுக்கு. அதுவும் முகூர்த்தப் புடவையோடு சேர்ந்து வந்த பட்டுத் துணியில்!

தையல் தெரிந்த சகோதரிகளுக்கு இது எப்படி நடந்திருக்கும் என்பது உடனே புரிந்துவிடும். கைக்கு முன்பக்க வளைவு கொஞ்சம் ஆழமாகவும் பின்பக்க வளைவு மேடாகவும் இருக்கும். சாதாரணத் துணி என்றால் மடித்துப் போட்டு இரண்டையும் ஒன்றாக வெட்டிவிடுவோம். பார்டர் கையின் ஓரத்தில் சரியாக வரவேண்டும் என்கிற பட்டுத் துணியில் ஒவ்வொன்றாகத்தான் வெட்டவேண்டும். ஒன்றை வெட்டியதும் காகித அளவைத் திருப்பிப் போட்டு அடுத்ததை வெட்ட வேண்டும். அந்தத் 'திருப்பிப் போடுவது' நடக்கவேண்டிய நேரத்தில் வாசலில் காஸ் சிலிண்டர்காரர் வந்தார். பணம் கொடுத்துத் திரும்பினால், "அம்மா, என் ஜாமெட்ரி பாக்ஸ் எங்கே?" என்று பையன். அதைத் தேடிக் கொடுத்தால், "ஏத்தா, மத்தியான மாத்திரை குடுத்துட்டியா?" என்று மாமியார். கடைசியில் உட்கார்ந்து கத்திரிக்கோலை எடுத்தேன். காகிதம் எப்படிக் கிடந்ததோ அப்படியே வைத்து வெட்டினேன்.

உடல் பாகத்தோடு பொருத்தும்போதுதான் தெரிந்தது. வயிற்றுக்குள் ஏதோ கழன்று விழுந்த மாதிரி இருந்தது. அந்தப் புடவையிலேயே வந்த துண்டு அது; வேறு துணிக்கு எங்கே போவேன்? விளக்குத்தூண் பக்கம் கடை கடையாக ஏறி இறங்கி, நிறம் பொருந்துகிற பட்டு வாங்கி, வெட்டிய கைகளிலிருந்து பார்டரை மட்டும் எடுத்து ஒட்டுப் போட்டுப் புதுக் கை தைத்தேன். பெண்ணின் அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். தையல் கூலியும் வேண்டாமென்றேன். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. பையில் வைத்துக்கொண்டு பேசாமல் போனார். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். அந்தத் தெருவிலிருந்து அதற்குப் பிறகு நாலு மாதம் ஒரு துணிகூட வரவில்லை.

இதை ஏன் இவ்வளவு விஸ்தாரமாகச் சொல்கிறேன் என்றால், அந்தச் சமயத்தில் எங்கள் வீடு அந்த மெஷினை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது. இவர் பைக்கிலிருந்து விழுந்து, காலில் பிளேட் வைத்து, ஆறு மாதம் வேலைக்குப் போகவில்லை. மகள் காலேஜில் இரண்டாம் வருஷம். மகன் எட்டாவது. மாமியாருக்கு வயது 79. நான் எஸ்.எஸ்.எல்.ஸி. முடித்து, கல்யாணத்துக்கு முன் கற்ற தையலை வைத்துக்கொண்டு, காலை ஐந்து மணி முதல் இரவு பதினொரு மணி வரை ஓடினேன். அப்படி ஓடியும் தீபாவளிக்கு ஒப்புக்கொண்ட துணிகள் பொங்கலுக்குப் போகும்.

"நாள் பூரா உட்கார்ந்துதானே இருக்கே, என்னதான் தைக்கிறே?" என்று இவர் ஒரு நாள் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. உட்கார்ந்துதான் இருந்தேன். ஆனால் ஒரே மூச்சில் பத்து நிமிடம் உட்கார்ந்தேனா?

மகள்தான் அன்று ராத்திரி அந்த இத்தாலிக்காரரைப் பற்றிச் சொன்னாள். அவளுக்குக் காலேஜில் யாரோ சொல்லிக் கொடுத்தது. பிரான்செஸ்கோ சிரில்லோ என்று பெயர். 1980களின் கடைசியில் அவர் கல்லூரி மாணவர். புத்தகத்தைத் திறந்தால் மனம் நிற்காது. நாள் முழுவதும் படித்த மாதிரியும் இருக்கும், ஒன்றும் ஏறாது. ஒரு நாள் தன்னைத் தானே கேட்டுக்கொண்டாராம்: பத்தே பத்து நிமிடம் உன்னால் ஒழுங்காகப் படிக்க முடியுமா, பார்ப்போம் என்று. சமையலறையில் நேரம் பார்க்க வைத்திருக்கும், திருகிவிட்டால் ஓடி மணியடிக்கிற பொம்மைக் கடிகாரம் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டார். அது தக்காளிப் பழம் மாதிரி இருந்தது. இத்தாலிய பாஷையில் தக்காளிக்குப் 'பொமொடோரோ' என்று பெயர். அந்த முறைக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

முறை ரொம்ப எளியது. ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். 25 நிமிடத்துக்குக் கடிகாரத்தைத் திருகவேண்டும். மணி அடிக்கும் வரை அந்த வேலை, அந்த வேலை மட்டும்தான். அடித்ததும் ஒரு கோடு போட்டுவிட்டு 5 நிமிடம் எழுந்து போய்விட வேண்டும். இப்படி நாலு சுற்று முடிந்தால் 15 முதல் 30 நிமிடம் வரை பெரிய ஓய்வு. அவ்வளவுதான்.

"இதுக்கு ஒரு இத்தாலிக்காரன் வரணுமாக்கும்?" என்று கட்டிலிலிருந்து அத்தை குரல் கொடுத்தார். "25 நிமிசம்னா ஒரு நாழிகையை விட ஒரு நிமிசம் கூட. நாங்க அந்தக் காலத்துல நாழிகைக் கணக்குலதானே எல்லாம் செஞ்சோம்?"

உண்மைதான். ஒரு நாளுக்கு 60 நாழிகை; நாழிகை ஒன்றுக்கு 24 நிமிடம். இரண்டரை நாழிகை ஒரு மணி. ராகு காலம் ஒன்றரை மணி என்கிறோமே, அது மூன்றே முக்கால் நாழிகை. கடிகாரம் வராத காலத்தில் நாழிகை வட்டில் என்று பாத்திரத்தில் நீரை வைத்து நேரத்தை அளந்திருக்கிறார்கள். பஞ்சாங்கத்தில் இன்றைக்கும் நாழிகைக் கணக்கு இருக்கிறது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் 'பொமொடோரோ' வாயில் நுழையாததால் 'ஒரு நாழிகை' என்பதே பெயராகிவிட்டது.

முதலில் செல்போனில் அலாரம் வைத்துப் பார்த்தேன். சகோதரிகளே, அந்தத் தப்பை மட்டும் செய்யாதீர்கள். நேரம் வைக்கப் போனை எடுத்தால் வாட்ஸப்பில் நாத்தனார் அனுப்பிய கோலம் கண்ணில் படும். கோலத்துக்குப் பூங்கொத்து அனுப்பாவிட்டால் அவளுக்கு வருத்தம். அதற்குள் இன்னொருத்தி பதில் போடுவாள். 25 நிமிடம் அங்கேயே போய்விடும். மகள் தன் கைச் செலவுக் காசில் ஒரு திருகு கடிகாரம் வாங்கி வந்தாள். அசல் தக்காளியே! டிக் டிக்கென்று ஓடும். அந்தச் சத்தம் முதல் இரண்டு நாள் எரிச்சல். பிறகு, மெஷின் சத்தத்தோடு சேர்ந்து அதுவே ஒரு துணையாகிவிட்டது.

முதல் வாரம் தோல்விதான். மாணவன் ஒருவன் அறைக்குள் உட்கார்ந்து படிப்பதற்கென்று உண்டான முறை இது. கதவைச் சாத்திக்கொள்ள அவனுக்கு அறை இருக்கிறது. எனக்கு மெஷின் இருப்பது கூடத்தில், சமையலறைக்கும் அத்தையின் கட்டிலுக்கும் நடுவில். நடுவில் யாராவது கூப்பிட்டு வேலையை விட்டுவிட்டால் அந்தச் சுற்று செல்லாது, புதிதாக ஆரம்பிக்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் கணக்கில் முதல் நாள் ஒன்பது முறை திருகினேன். செல்லுபடியானது ஒன்றே ஒன்று.

அதில் இன்னொரு குறிப்பும் உண்டு. பிறர் நம்மைக் கூப்பிட்டுக் கலைத்தால் ஒரு சின்னக் கோடும், நாமே மனம் மாறி எழுந்தால் ஒரு சின்னப் புள்ளி மாதிரி அடையாளமும் தாளில் போடவேண்டும். நானும் கிழித்த தினசரிக் காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் போட்டு வந்தேன். ஒரு வாரம் கழித்து இவர் மூக்குக்கு முன்னால் நீட்டி, "பாருங்க, உங்க வீட்டு லட்சணத்தை" என்று சொல்லலாமென்று எண்ணிக் கூட்டிப் பார்த்தேன். எனக்கே வெட்கமாகப் போயிற்று. கோடுகள் 31. புள்ளிகள் 44! யாரும் கூப்பிடாமல் நானாகவே எழுந்திருக்கிறேன். பருப்பு ஊறப்போட்டேனா என்று பார்க்க, போனைப் பார்க்க, கொடியில் துணி காய்ந்ததா என்று பார்க்க, ஒன்றுமில்லாமல் சும்மா வாசலை எட்டிப் பார்க்க. இருபது வருஷமாகப் பிறர் அழைப்புக்கு ஓடி ஓடி, அழைக்காதபோதும் எழுந்து நிற்கிற பழக்கம் வந்துவிட்டது போலிருக்கிறது. அந்தத் தாளை இவரிடம் நீட்டவில்லை.

புள்ளிகளுக்கு மருந்து சுலபமாகக் கிடைத்தது. நினைவுக்கு வருவதை எழுந்து போய்ச் செய்யாமல், மெஷின் பக்கத்தில் வைத்த தாளில் 'பருப்பு', 'கரண்ட் பில்' என்று ஒரு சொல் எழுதிவிட்டுத் தையலைத் தொடர்வது. எழுதிவிட்டால் மனசு விட்டுவிடுகிறது. மணி அடித்த பிறகு பார்த்தால் பாதி விஷயம் அவசரமே இல்லாதவை.

கோடுகளுக்குத்தான் ஒரு பஞ்சாயத்து தேவைப்பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னேன்: "தக்காளி ஓடும்போது என்னைக் கூப்பிடக் கூடாது. மணி அடிச்சதும் அஞ்சு நிமிஷம் உங்களுக்குத்தான்." மகன் உடனே, "ரத்தம் வந்தா?" என்றான். ரத்தம் வந்தால் கூப்பிடலாம், பால் பொங்கினால் கூப்பிடலாம், வாசலில் ஆள் வந்தால் இவர் போய்ப் பார்ப்பது என்று முடிவாயிற்று. இவருக்கு அது பிடிக்கவில்லை. "நான் காலை வச்சுக்கிட்டு எந்திரிக்கணுமாக்கும்" என்றார். டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்பதை ஞாபகப்படுத்தினேன்.

ஒரு மாதம் அழகாகப் போயிற்று. அப்புறம்தான் அது நடந்தது.

ஒரு பிற்பகல். கடிகாரத்தில் இன்னும் பத்து நிமிடம் பாக்கி. கழுத்துக்கு பைப்பிங் வைத்துக்கொண்டிருந்தேன். நடுவில் விட்டால் நெளிந்துவிடும். "ஏத்தா..." என்று அத்தை கூப்பிட்டார். "பத்து நிமிஷம் அத்தை, மணி அடிச்சிரட்டும்" என்றேன். அத்தையும் பேசாமல் இருந்தார். சட்டத்தை ஒப்புக்கொண்டவர் ஆயிற்றே! மூன்றாவது நிமிடம் தொப்பென்று சத்தம் கேட்டது. பாத்ரூம் போகவேண்டுமென்று அவராகவே எழுந்திருக்கிறார். கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு வீங்கிவிட்டது. எலும்பு முறியவில்லை, தெய்வாதீனம். மூன்று வாரம் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். அவரைத் தூக்கி உட்காரவைத்தபோது பின்னால் டிங்கென்று அந்த மணி அடித்தது. எடுத்து வீசி எறிந்துவிடலாம் என்று தோன்றியது.

பத்து நாள் அதைத் தொடவில்லை. இவரோ மகளோ ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் என் மனசு சொல்லிக்கொண்டேயிருந்தது. 79 வயதுப் பெரியவரைப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி மணிக்குக் காத்திருக்கச் சொன்னேனே! பதினோராவது நாள் அத்தையே தக்காளியை எடுத்து வரச் சொல்லி, கட்டுப் போட்ட கையால் தடவிப் பார்த்தார். "நான்தான் அவசரம்னு சொல்லலை. நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றார். "எனக்கு ஒரு மணி குடு. நான் அடிச்சா உன் மணி செல்லாது."

பூஜை மணியைக் கொடுக்கப் போனேன். சாமிக்கு உள்ளதை இதற்கெல்லாம் எடுக்கக் கூடாது என்றுவிட்டார். ஒரு எவர்சில்வர் டம்ளரும் ஸ்பூனும் கட்டிலோரம் வந்தன. டம்ளர் சத்தம் கேட்டால் ஊசியைத் துணியில் குத்தி நிறுத்திவிட்டு ஓடுவேன். அந்தச் சுற்று செல்லாவிட்டால் செல்லாமல் போகட்டும். கூடவே, ஒவ்வொரு சுற்றைத் திருகுவதற்கு முன்பும் அவரிடம் போய், "பாத்ரூம் போகணுமா, தண்ணி வேணுமா?" என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். இதைச் செய்த பிறகு டம்ளர் சத்தமே அபூர்வமாகிவிட்டது. குழந்தையோ முதியவரோ வீட்டில் இருக்கும் சகோதரிகள் இந்த ஏற்பாட்டைச் செய்யாமல் கடிகாரத்தைத் திருகவே வேண்டாம்.

இனி லாபத்தைச் சொல்கிறேன். லைனிங் வைத்த ரவிக்கை ஒன்றுக்கு எவ்வளவு நேரமாகும் என்று கேட்டால் முன்பெல்லாம் "ஒரு மணி நேரம்" என்று சொல்லிவிடுவேன். அந்த எண்ணத்தில்தான் ஒரு நாளைக்கு நாலும் ஐந்தும் ஒப்புக்கொள்வேன். தாளில் கோடு போட்டுப் பார்த்தபோது குட்டு வெளிப்பட்டது. துணி வெட்ட ஒரு சுற்று, லைனிங்கோடு உடல் பாகம் சேர்க்க இரண்டு, கழுத்து, பட்டிக்கு ஒன்று, கைகளுக்கு ஒன்று, கொக்கி, ஓரத் தையல், இஸ்திரிக்கு ஒன்று. மொத்தம் ஆறு. அதாவது சுத்தமான வேலை நேரமே இரண்டரை மணி! லைனிங் துணியை நனைத்துக் காயவைப்பது தனி. ஆக, நான் சோம்பேறி இல்லை, கணக்குத்தான் தப்பு. ஒரு நாளைக்கு என்னால் நிம்மதியாக முடிவது எட்டுச் சுற்று. மூன்று நாளைக்கு நாலு ரவிக்கை. இப்போது அந்தக் கணக்கில்தான் தேதி சொல்கிறேன். அதே கணக்கைக் காட்டிக் கூலியும் கொஞ்சம் ஏற்றினேன். இரண்டு பேர் முகம் சுளித்து வேறிடம் போனார்கள். மற்றவர்கள் சொன்ன தேதியில் கிடைத்தால் போதும் என்றார்கள்.

நேரம் இருந்தால் வேலையும் அதற்கேற்ப நீளும் என்று பார்க்கின்சன் என்ற ஆங்கிலேய சரித்திரப் பேராசிரியர் 1955-ல் ஒரு பத்திரிகையில் வேடிக்கையாக எழுதியிருக்கிறார். அதற்கு அவர் காட்டிய உதாரணம் யார் தெரியுமா? வேலையில்லாத ஒரு வயதான அம்மாள். தன் உறவுப் பெண்ணுக்கு ஒரு தபால் கார்டு போட அவளுக்கு நாள் முழுவதும் பிடிக்கிறதாம். கார்டைத் தேட ஒரு மணி, மூக்குக் கண்ணாடியைத் தேட ஒரு மணி, குடை எடுத்துப் போகலாமா வேண்டாமா என்று யோசிக்க 20 நிமிடம்! மகள் படித்துக் காட்டியபோது நானும் சிரித்தேன். ஆனாலும் அந்த அம்மாள் வீட்டில் மருமகளும் பேரப் பிள்ளைகளும் இருந்து, நடு நடுவே கூப்பிட்டுக்கொண்டும் இருந்திருந்தால் கார்டு மறுநாள்தான் போயிருக்கும். அதை அந்தப் பேராசிரியர் எழுதவில்லை.

உடம்புக்கு வந்த நன்மையையும் சொல்லவேண்டும். நான் இரண்டு மூன்று மணி நேரம் குனிந்தபடி தைத்து, எழும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுகிறவள். மாலையில் கால் வீங்கும். சிறுநீர் வந்தாலும் "இந்தத் தையல் முடியட்டும்" என்று அடக்குவேன். அதனால் ஒரு முறை ஜுரமும் குளிருமாக அவஸ்தைப்பட்டு டாக்டரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். இப்போது மணி அடித்ததும் எழுந்துவிடுகிறேன். ஒரு டம்ளர் தண்ணீர். தோளை நாலு முறை பின்பக்கமாகச் சுழற்றுவது. குதிகாலைத் தூக்கி நின்று இறக்குவது பத்து முறை. கெண்டைக்கால் அசைந்தால் காலில் தேங்கும் ரத்தம் மேலே ஏறும். பிறகு வாசலில் நின்று எதிர்வீட்டு வேப்பமரத்தைப் பார்ப்பது. கிட்டத்தில் பார்த்துச் செய்கிற வேலைக்கு 20 நிமிடத்துக்கு ஒரு முறை, 20 அடி தூரத்தில் உள்ளதை 20 விநாடி பார்க்கும்படி கண் டாக்டர்கள் சொல்கிறார்கள். வேப்பமரம் அதற்குத் தோதாக இருக்கிறது.

அந்த ஐந்து நிமிடத்தில் பாத்திரம் தேய்க்கப் போகாதீர்கள். நானும் முதலில் அப்படித்தான் செய்தேன். அது ஐந்து நிமிடத்தில் முடியாது, ஓய்வும் ஆகாது. ஆனால் மொட்டை மாடிக்கு ஏறிப்போய் வற்றலைத் திருப்பிவிட்டு வருவது எனக்கு ஓய்வுதான். மகள் இதை ஒப்புக்கொள்ள மாட்டாள். உட்கார்ந்து தைக்கிறவளுக்கு நடப்பதே ஓய்வு என்பது என் கட்சி. நாள் முழுக்க நின்று சமைக்கிறவர்கள் ஐந்து நிமிடம் உட்கார்ந்து காலை நீட்டட்டும்.

எல்லா வேலைக்கும் இது பொருந்தாது. அடுப்புக்குத் தனி நேரம் உண்டு. குக்கர் விசில் நம் தக்காளிக்குக் காத்திருக்காது. பெரியவர்களோடு பேசுவதற்குக் கடிகாரம் வைப்பது அசிங்கம். மகளுக்குக் கணக்குப் போட 25 நிமிடம் போதவில்லை. அவள் 50-க்கு 10 என்று வைத்துக்கொண்டிருக்கிறாள். மகனுக்கு 15-க்கு மேல் உட்கார முடியாது. 15-ல் மணி அடித்தால் எழுந்து ஓடி, ஐந்து நிமிடம் பந்து போட்டுவிட்டு வருகிறான். அந்த இத்தாலிக்காரரே பத்து நிமிடத்தில்தானே ஆரம்பித்தார்! ஆவணி, தை மாத முகூர்த்த நெருக்கடியில் நானும் சட்டத்தை மீறிப் பன்னிரண்டு சுற்று ஓட்டுவது உண்டு. மறுநாள் முதுகு அதற்கு வட்டி கேட்கும்.

இவர் இப்போது வேலைக்குப் போகிறார். வீட்டிலிருந்த அந்த ஆறு மாதத்தில் டீ போடக் கற்றுக்கொண்டார். சர்க்கரை எப்போதும் கூடத்தான். முதல் தடவை போட்டு எடுத்து வந்து மெஷின் ஓரமாகச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு, தக்காளியைப் பார்த்துக்கொண்டு நின்றார், மணி அடிக்கட்டும் என்று.

போன மாதம் அந்தக் கல்யாணப் பெண்ணே வந்தாள், கையில் குழந்தையோடு. நான் ஒட்டுப் போட்ட ரவிக்கையை எடுத்து வந்திருந்தாள். பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு பிடிக்கிறதாம், பக்கவாட்டில் பிரித்து விடவேண்டும் என்றாள். உள்ளே விட்டு வைத்திருந்த தையலைப் பிரிக்க ஒரு சுற்று, அடிக்க ஒன்று. வியாழக்கிழமை வாங்கிக்கொள்ளச் சொன்னேன். புதன்கிழமை மாலையே மடித்து வைத்துவிட்டேன்.